கழிவு

"ஸ்கூலுக்குக் குடுக்கறோம், ஃப்ளோரா.
சுத்தமா அழிச்சிட்டுக் குடு" என்றார் முதலாளி.
சுத்தமா என்பதை இரண்டு தடவை சொன்னார்.

நானும் அழித்தேன்.
குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன்.
ஃபார்மட்டும் போட்டேன்.
டானிங்டனிலிருந்து வந்த இம்தியாஸ்
ஏதோ ஒரு சாஃப்ட்வேரை ஓடவிட்டான்.
அவனுக்கு ஊற்றிய டீ ஆறுவதற்குள்
எல்லாம் எழுந்து வந்துவிட்டது,
பெயர் போய், தேதி கலைந்து,
ஆனால் உள்ளே ஓர் எண்கூட மாறாமல்.

"நீங்க பண்ணது கவாத்து, அக்கா.
முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டிருக்கீங்க.
ஒரு மழை போதும், துளுத்துடும்."

வந்தவற்றில்
ஏதோ ஒரு தீபாவளியின் போனஸ் பட்டியல் இருந்தது.
செத்துப்போன சூப்பர்வைசருடைய மகளின் ஜாதகம்.
யாருக்கும் அனுப்பாத என் ராஜினாமாக் கடிதங்கள் நான்கு,
தேதி மட்டும் வேறு வேறு.
பிறகு இலை.
பதிமூன்று வருஷத்து இலை.

நஞ்சி, கேர்பெட்டா, நாற்பத்து மூன்று கிலோ, கழிவு மூன்று.
நஞ்சி, முப்பத்தெட்டு, கழிவு மூன்று.
ஜோகி, ஐம்பத்தொன்று, கழிவு மூன்று.
ஈரத்துக்கென்று கழிப்பது.
ஜூலையில் மூன்று.
பனி கருக்கிய ஜனவரியில் மூன்று.
ரோட்டில் புழுதி பறக்கும் மார்ச்சில்,
இலை கையில் நொறுங்குகிற மத்தியானத்திலும் மூன்று.
முதலாளி ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.
மீதியை என் விரல்கள் பார்த்துக்கொண்டன.

இண்டு இடுக்கு விடாமல் பூஜ்யம் எழுதணும்,
ஒரு சுற்று போதும் என்றான் இம்தியாஸ்.
முதலாளி மூன்று சுற்று கேட்டார்.
சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம்.

அழிப்பதற்கும் எழுதத்தான் வேண்டுமென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது எனக்கு.
கண்ணுக்குத் தெரியாத ஒரு கை
ஜோகியின் மேல் பூஜ்யம் போட்டது,
ஜாதகத்துச் செவ்வாயின் மேல் போட்டது.
பச்சைக் கோடு நகர்ந்தது, நத்தை மாதிரி.
நான் முறுக்கு தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
பழைய யுபிஎஸ் நாலு தரம் கத்திவிட்டு ஓய்ந்தது.
மேலே வாடல் தொட்டிகளின் விசிறிகள்
ஒவ்வொன்றாக நின்றன.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி.
அதற்குள் ஒரு காட்டுமாடு
தேயிலையை மோந்து பார்த்துவிட்டு
வேண்டாமென்று போனது.

அந்த நேரத்தில் பெட்டிக்குள்
பாதி பூஜ்யம், பாதி இலை.
எது போயிற்று, எது கிடக்கிறது,
யாருக்கும் தெரியாது.
நாலு ஸ்க்ரூ.
கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு
கடைசி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.
சாப்பாட்டு டப்பாவைவிடச் சின்னது அது.

ஜெனரேட்டர் உறுமியது.
முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முடியும்போது ராத்திரி பதினொன்று.
இம்தியாஸ் காட்டிக்கொடுத்தபடி திறந்து பார்த்தேன்.
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்
பக்கம் பக்கமாக,
என் கடிதங்கள் இருந்த இடத்திலும்.

வெள்ளிக்கிழமை ஸ்கூலிலிருந்து ஜீப் வந்தது.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
அதில் பச்சை யானை வரைவார்கள்.
இடத்துக்குக் குறைவில்லை.

திங்கட்கிழமை புது கம்ப்யூட்டர்.
அன்றைக்கு நிஜமாகவே மழை.
நஞ்சியின் மூட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர்
தராசுத் தட்டில் தேங்கியது.
"நாப்பத்தாறு" என்றான் எடை போடுகிறவன்.
அடித்தேன்.
அடுத்த கட்டத்தில் கர்சர் துடித்தது.

நிமிர்ந்தேன்.
நஞ்சி தராசைப் பார்க்கவில்லை.
என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
மூன்றின் மேல் போய் நின்றிருந்த விரலை.

இன்று புதிதாய்ப் பார்க்கிறவளின் பார்வை
இல்லை அது.